நாலு விரல் இடைவெளி

மார்ச் 3
முன் டயருக்கும் அதன் மேலே வளைகிற ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் போகிறது. பின்னால் இன்னும் கொஞ்சம் அதிகம். எட்டு வருஷமாக இந்தக் காரை ஓட்டுகிறேன், இந்த வாரம்தான் கண்ணை உறுத்துகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

மார்ச் 4
வண்டியை இறக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும், காசே ஆகாது என்கிறான் தம்பியின் நண்பன். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், அதுவரை சரி. ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது வெட்டின மொட்டை முனை உட்காருமிடத்தை விட்டு நழுவினால்? வெட்டுவதில்லை. 35 மில்லிமீட்டர் இறக்கும் புது ஸ்பிரிங் செட்டாகவே சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
மாட்டியாயிற்று. வண்டி மேலே தொங்கும்போதே, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்டை மெக்கானிக் இறுக்கப் போனார். எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கின பிறகு இறுக்குங்க, இல்லன்னா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே கிடந்து கிழிஞ்சிடும் என்றேன். "எல்லாம் படிச்சிட்டு வந்துடறீங்க சார்" என்றார், ஆனால் இறக்கிவிட்டுத்தான் இறுக்கினார்.

மார்ச் 10
இரண்டரை விரல். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

மார்ச் 12
அப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். அடி தட்டும் என்றுதான் பயந்தேன், தரையில் எங்கேயும் தட்டவில்லை. தட்டினது உள்ளே. சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் 35 மில்லியை நான் தின்றுவிட்டேன், மிச்சம் தீர்ந்ததும் நேரே பம்ப் ஸ்டாப் என்கிற முட்டுக்கட்டையில் போய் முட்டுகிறது, அந்தச் சத்தம் சீட் வழியாக முதுகில் ஏறுகிறது. ஷாக் அப்சார்பர் பழசு, புது ஸ்பிரிங் இறுக்கம், அதை அடக்க ஷாக்குக்குத் தெம்பு இல்லாமல் வண்டி இன்னும் இரண்டு குதி குதித்துவிட்டுத்தான் அடங்குகிறது. அப்பா கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்திருந்தார். புறங்கையில் ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரி ஓரம் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லடா, பார்த்துப் போ."

மார்ச் 13
போன் இல்லை.

மார்ச் 15
அலைன்மென்ட் பார்த்தேன். டோ, அதாவது சக்கரம் நேரே பார்க்கிற கோணம், விலகியிருந்தது, சரிசெய்தார்கள். கேம்பர், சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு, கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கிறது, இந்த வண்டியில் அதைத் திருப்ப வழி வைக்கவில்லை. டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். தேயட்டும், இப்போது அதுவா கவலை.

மார்ச் 18
ஓட்டிப் பழகப் பார்க்கிறேன். பள்ளத்துக்கு முன்னாலேயே பிரேக் போட்டுவிட்டு, சக்கரம் இறங்கும் நேரத்தில் காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கோடு இறங்கினால் முன்பக்கம் ஏற்கெனவே குனிந்திருக்கும், இருக்கிற கொஞ்ச இடமும் அதிலேயே போய்விடும். வேகத்தடையில் கோணலாக ஏறினால் அடி தப்புகிறது. ஆனால் உள்ளே இருப்பவர் இடமும் வலமுமாக ஆடுகிறார். தையல் போட்ட வயிற்றோடு ஒருவர் அப்படி ஆடலாமா? திரும்பி வரும்போதுதானே தையல் இருக்கும். போகும்போது இல்லை. இதையே மத்தியானம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20
போன் வந்தது. 26, காலை 7 மணி. 41 கிலோமீட்டர்.

மார்ச் 21
பழைய ஸ்பிரிங் நாலும் பரணில் இருக்கிறது, நல்லவேளை பழைய இரும்புக்குப் போடவில்லை. மெக்கானிக் 28க்கு முன்னால் முடியாது என்கிறார். டாக்ஸி வைத்துக்கலாமே என்கிறாள் தங்கை. அவள் சொல்வது சரிதான்.

மார்ச் 23
பழைய ஸ்பிரிங்கை நானே திரும்ப மாட்ட, அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசரை இரவல் வாங்கினேன். பின்னால் இரண்டும் முடிந்தது. முன் வலதும் முடிந்தது. இடது பக்கம் ஸ்டெபிலைசர் லிங்க் என்கிற சின்னக் கம்பியின் நட்டைத் திருப்பினால் அதோடு சேர்ந்து உள்ளே இருக்கிற பந்தும் சுற்றுகிறது, கழலவே மாட்டேன் என்கிறது. அப்பா நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடிக்கிறார்.