நீச்சல் குளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்: மூன்றாவது ஆய்வில்தான் கிடைத்தது

நீச்சல் குளத்துடன் கூடிய வீடு ஒன்றை வாங்கி, அந்தக் குளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டு, இரண்டு ஆய்வுகளில் தவறி, மூன்றாவதில் தேறியிருக்கிறோம். விண்ணப்பத்திலும் கட்டணத்திலும் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. எங்களை அலைக்கழித்தவை வேலிக் கதவும், குளத்தின் அடியில் இருந்த ஒரு மூடியும், ஒரு மின் சோதனைத் தாளும்தான்.

வீட்டை வாங்குவதற்கு முன் நாங்கள் அமர்த்திய கட்டட ஆய்வாளர், ஓடுகள் நன்றாக உள்ளன, பம்ப் இயங்குகிறது, வேலி உள்ளது என்று குளத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வரியை நம்பி இரண்டு மாதங்கள் இருந்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

சான்றிதழுக்கான ஆய்வாளர் முதல் முறை வந்தபோது நேராகக் கதவருகே சென்றார். முழுவதும் திறந்து விட்டால் அந்தக் கதவு வேகமாக வந்து தானாகத் தாழிட்டுக்கொள்ளும். நாங்கள் எப்போதும் அப்படித்தான் சோதித்திருந்தோம். அவர் அதை ஒரு சாண் மட்டும் திறந்து, அசையாமல் நிறுத்தி, பிறகு கையை எடுத்தார். கதவு மெல்ல வந்து தூணைத் தொட்டது. தாழின் நாக்கு, கொக்கியின் விளிம்பில் உரசி அப்படியே நின்றுவிட்டது. பார்ப்பதற்கு மூடிய கதவு போலவே இருந்ததை அவர் சுண்டுவிரலால் தொட்டதும் அது திறந்துகொண்டது.

கீலின் ஸ்பிரிங்கை முறுக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். உண்மையில் தூணின் அடிக் கான்கிரீட் சற்று அமிழ்ந்து, தாழும் கொக்கியும் சில மில்லிமீட்டர் விலகியிருந்தன; தூணை நிமிர்த்திய பிறகே கதவு எந்த நிலையிலிருந்து விட்டாலும் தாழிட்டது. ஆகவே உங்கள் கதவை முழுவதும் திறந்தும், பாதி திறந்தும், தாழைத் தொடும் நிலையில் வைத்தும் தனித்தனியே சோதித்துப் பாருங்கள். அது குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறப்பதும் அவசியம். அப்போதுதான் வெளியே நிற்கும் குழந்தை தள்ளினாலும் திறக்காது.

வேலியின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையவில்லை, கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளியும் இல்லை. ஆனால் வெளிப்புறத்தில் வேலியை ஒட்டி நாங்களே வைத்த பெரிய பூந்தொட்டி, ஒரு குழந்தைக்குப் படிக்கட்டாக இருந்தது. ஏறிக் கால் வைக்கக்கூடிய எதுவும் வேலியிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கட்டும் என்று ஆய்வாளர் சொல்ல, அன்றே அகற்றினோம்.

அந்த முதல் ஆய்வு பாதியில் நின்றதற்குக் காரணம் தண்ணீர். வீடு சில காலம் பூட்டிக் கிடந்ததால் குளம் கலங்கியிருந்தது. கரையிலிருந்து அடி வடிகால் தெரியாத குளத்தைத் தம்மால் ஆய்வு செய்ய இயலாது என்று அவர் திரும்பிவிட்டார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று அப்போது கோபம் வந்தது. அந்தக் கலங்கலில் மூழ்கிய குழந்தை கரையில் நிற்பவர் கண்ணில் படாது என்பதால், கலங்கல் தனியாகவே ஒரு பாதுகாப்புக் குறை என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். நீர் தெளிய ஒரு வாரம் ஆனது.

தெளிந்த பிறகு பம்பை நிறுத்திவிட்டு நானே மூழ்கிப் பார்த்தேன். வடிகால் மூடியில் இரண்டு திருகாணிகளுக்கு ஒன்றுதான் இருந்தது. விளிம்பில் விரலைக் கொடுத்ததும் மூடி ஒரு பக்கமாக எழும்பியது. எங்கள் குளத்தில் இருப்பதோ ஒரே வடிகால். இரண்டு வடிகால்கள் போதிய இடைவெளியில் இருந்தால், ஒன்றை உடல் மறைத்தாலும் பம்ப் மற்றொன்றின் வழியே நீரை இழுக்கும். ஒற்றை வடிகாலில் அந்த இழுவிசை முழுவதும் உடல் மீதே விழும், மூடி கழன்றிருந்தால் தலைமுடியோ கையோ குழாய்க்குள் சிக்கும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சுடுநீர்த் தொட்டியின் வடிகாலில் இப்படிச் சிக்கி இறந்தாள். அவள் பெயராலேயே 2007இல் அங்கே வடிகால் மூடிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காணாமல் போன திருகாணியைப் போட்டுவிட்டு இரண்டாவது ஆய்வுக்கு அழைத்தது என் தவறு. மூடியின் மேல் அதன் ஆயுள் எத்தனை ஆண்டு என்று அச்சிடப்பட்டிருக்கும். அது பொருத்திய நாளிலிருந்து கணக்கு. எங்கள் மூடியைப் பொருத்திய நாளுக்கு எந்த ஆதாரமும் முந்தைய உரிமையாளரிடம் இல்லை, ஆகவே அதை மாற்றியே தீர வேண்டும் என்றார் ஆய்வாளர். மாற்றுவதிலும் ஓர் அலைச்சல் இருந்தது. அதே விட்டம் என்று பார்த்து வாங்கிய முதல் மூடி தாங்கும் நீரோட்ட அளவு, எங்கள் பம்ப் இழுக்கும் அளவைவிடக் குறைவாக இருந்ததால் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள், பம்பின் விவரத் தகட்டையும் படம் எடுத்துச் செல்லுங்கள். ஒற்றை வடிகால் என்பதால், இழுவிசை திடீரென உயர்ந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் சாதனத்தையும் பொருத்தினோம்.

மூன்றாவது ஆய்வு இருபது நிமிடத்தில் முடிந்தது. ஆனால் கோப்புடன் அலுவலகம் சென்றபோது மின் சோதனைத் தாள் போதாது என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் சோதிக்கப்பட்டிருந்தது. ஏணி, கைப்பிடி, பம்ப் ஆகிய உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் செம்புக் கம்பியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் தந்த பட்டியலில் 'மின் சோதனைத் தாள்' என்று மட்டுமே இருந்தது என்று காட்டியும் பயன் இல்லை. எலக்ட்ரீஷியனை மறுபடி அழைத்து, இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்கிக் கொடுத்த பிறகே முத்திரை விழுந்தது.

புதிய மூடியைப் பொருத்திய தேதியையும் அதன் ஆயுள் முடியும் ஆண்டையும் அழியாத மையில் எழுதி, பம்ப் அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறோம். மூடியுடன் வந்த தாளும் அதே உறையில் இருக்கிறது.