ஒவ்வொரு நட்டுக்கும் ஓர் இறுக்கம்

சிறிய டிரெய்லர்களைப் பொருத்தும் பட்டறையில் புதிதாகச் சேருபவர்கள், ஸ்பானரைக் கையில் எடுத்ததும் எல்லா நட்டுகளையும் ஒரே பலத்தோடு இறுக்கத் தொடங்குகிறார்கள். இறுக்கம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆனால் ஓர் அச்சையும் இரண்டு சக்கரங்களையும் சட்டத்தோடு சேர்க்கும் வேலையில், கைக்கெட்டும் தூரத்துக்குள்ளேயே, ஒன்றோடொன்று முரண்படும் இறுக்கங்கள் தேவைப்படுகின்றன. எந்த நட்டு எதற்காக இருக்கிறது என்று தெரியாதவர் கையில் எவ்வளவு நல்ல ஸ்பானர் இருந்தும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அச்சை லீஃப் ஸ்பிரிங்கோடு (எஃகு இலைகளை அடுக்கிச் செய்த வளைந்த ஸ்பிரிங்) பிணைக்கும் U வடிவ யூ-போல்ட்டுகள் அசையவே கூடாதவை. ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை, அச்சின் மேலுள்ள துளையில் சரியாக அமர்ந்த பிறகே அவற்றை மாட்ட வேண்டும். நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால், கீழ்த்தட்டு சாயாமல் சமமாக ஏறும். ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிளில் உள்ள போல்ட்டின் தேவையோ இதற்கு நேர்மாறானது. சுமை ஏறும்போது வளைந்த ஸ்பிரிங் தட்டையாகி நீள்கிறது; அந்த நீட்சிக்கு இடம் கொடுக்க ஷாக்கிள் ஆடியாக வேண்டும். அங்கே நைலான் வளையம் வைத்த நட்டைப் போடுவதே, பக்கத் தகடுகளை நெரிக்காமலும் நட்டு கழலாமல் நிற்கும் என்பதற்காகத்தான். ஒருமுறை கழற்றிய அந்த நட்டை நான் மறுபடி பயன்படுத்த விடுவதில்லை.

புதியவர்களுக்குப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் பிடிப்பது, சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதியான ஹப்பை அச்சில் நிறுத்தும் ஹப் நட்டுதான். உள்ளே கூம்பு வடிவ உருளை பேரிங்குகள் இரண்டு, எதிரெதிராக அமர்ந்திருக்கின்றன. ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 68 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) வரை இறுக்குவோம். உருளைகள் தம் இடத்தில் அமர்வதற்கு மட்டுமே அந்த இறுக்கம். பிறகு ஹப்பைச் சுழற்றாமல் நட்டை முழுவதும் தளர்த்தி, விரல் பலத்தால் மட்டும் மீண்டும் தொட வைத்து, நட்டின் வெட்டு வழியாக அச்சுமுனைத் துளையில், நட்டு திரும்பாமல் தடுக்கும் கம்பி ஊசியான ஸ்பிளிட் பின்னைச் செருகுவோம். துளை நேராக வராவிட்டால் நட்டை அடுத்த வெட்டுக்கு வரும்வரை தளர்த்த வேண்டுமே தவிர, இறுக்கக் கூடாது. இப்படிச் செய்த பின் ஹப்பைப் பிடித்து முன்பின் இழுத்தால் மிக மெல்லிய ஆட்டம் தெரியும். பல அச்சுகளில் 0.025 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையிலான ஆட்டம் ஏற்கத்தக்கது. அந்த ஆட்டத்தை உணர்ந்ததும் இளைஞர்களின் கை தானாகவே ஸ்பானரைத் தேடிப் போகிறது, நான் தடுப்பேன். ஓடும்போது உலோகம் சூடேறி விரிவதற்கும் கிரீஸ் படலம் தங்குவதற்கும் வேண்டிய இடம் அது. வேறெங்கோ பொருத்தப்பட்டு எங்களிடம் பழுதுக்கு வந்த டிரெய்லர் ஒன்றில், ஹப் நட்டு முழு பலத்தோடு இறுக்கப்பட்டிருந்தது. கிரீஸ் உருகி வழிந்து, உருளைகள் நீலம் பாரித்திருந்தன. இன்னும் சிறிது தூரம் ஓடியிருந்தால் பேரிங் இறுகி, சக்கரமே பிரிந்து போயிருக்கக்கூடும்.

வீல் நட்டு வேறு ரகம். அதை இறுக்கும்போது, ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையிட்ட (திருகுப் புரியுள்ள) தண்டான ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு, ஸ்பிரிங்கைப் போல ரிம்மை ஹப்போடு இழுத்துப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், இன்னொரு பெரும்பங்கு மரையின் உராய்விலும் கரைந்துவிட, சுமார் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானரான டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். ரிம்மும் ஹப்பும் தொடும் முகத்தில் தடித்த பெயிண்ட் இருந்தாலோ, அது ஓட்டத்தில் நசுங்கித் தேய்ந்து பிடிப்பு குறையும். பக்கவாட்டில் வழுக்கும் அசைவே நட்டைக் கழற்றுகிறது என்பதை 1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் தம் சோதனைகளால் காட்டினார்; வழுக்காதபடி அழுத்திப் பிடிப்பதே இங்கே நட்டின் முழு வேலை. எனவே மரைகளைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்து, கூம்புப் பக்கம் ரிம்மை நோக்க நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் மூன்று கட்டமாக இறுக்குகிறோம். அரை அங்குல ஸ்டட் உள்ள பல டிரெய்லர் அச்சுகளுக்கு முடிவான அளவு 120 முதல் 160 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். ஆனாலும் அந்தந்த அச்சைத் தயாரித்தவர் தரும் எண்ணே செல்லும். தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் கருவியால் கடைசி இறுக்கம் கொடுப்பதை நான் அனுமதிப்பதில்லை.

டிரெய்லரை ஒப்படைக்கும்போது ஒரு தாளும் கொடுக்கிறோம். வீல் நட்டுகளை முதல் 16, 40, 80 கிலோமீட்டர் ஓட்டங்களுக்குப் பின் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும் என்றும், சுமையோடு ஓடிய பின் ஸ்பிரிங் இலைகள் படிந்து தளர்வு வருவதால் யூ-போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கும். முதல் நிறுத்தத்தில் இரு ஹப்புகளுக்கும் அருகே கையைக் கொண்டுபோய், ஒன்று மற்றதைவிட அதிகமாகச் சுடுகிறதா என்று பார்க்கும்படி வாயாலும் சொல்லி அனுப்புவேன். பின்னாளில் பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும், வீல் நட்டுகளுக்கான அந்தக் கிலோமீட்டர் கணக்கு மறுபடியும் முதலிலிருந்தே தொடங்கும்.