குறுவையும் கிராஃப் தியரியும்

மே டெர்முக்கு மூன்று பாடம் எடுத்தது என் தப்புதான். ஐஐடி மெட்ராஸின் இணையவழி பிஎஸ் படிப்பில் நமக்கு முடிந்த அளவு பாடம் எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததற்கு மட்டும் பணம் கட்டினால் போதும். ஆனால் ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரும் நேரத்தில், குறுவை நெல்லுக்கான நாற்றங்காலும் வாராவார அசைன்மென்ட்டும் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

மடக்கை, இருபடிச் சமன்பாடு எல்லாம் பத்து வருடத் துரு, கஷ்டப்பட்டுத்தான் தேய்த்தேன். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதமான கிராஃப் தியரி வந்ததும் சட்டென்று பிடித்துவிட்டது. கல்லணையை ஒரு புள்ளியாக வைத்தால் அதிலிருந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நாலு அம்பு, ஒன்றும் திரும்பி வந்து சுற்றாது. எந்த மதகுக்கு முன் எது திறக்கணும் என்று வரிசைப்படுத்துவதற்குத்தான் அங்கே டோப்பலாஜிக்கல் சார்ட் என்று பெயர். அப்பாவிடம் சொன்னேன். "இதைத்தான்டா முறைப்பாசனம்னு நாங்க காலங்காலமா செய்யறோம், இதுக்கு ஃபீஸ் வேறயா?" என்றார்.

அடுத்த டெர்ம் ஒரே பாடம்தான். சம்பா நடவு இருக்கிறது.