சீ ஸ்ட்ரீட் இல்ல, செட்டியார் தெரு

போன சனிக்கிழமை மகளோட கொழும்பு புறக்கோட்டைக்குப் போனன். ஸ்கூல் டான்ஸுக்கு துணி எடுக்க கெய்சர் ஸ்ட்ரீட்டுக்குத்தான் வெளிக்கிட்டது, கொட்டாஞ்சேனையில இருந்து நடந்தே போவம் எண்டு நான்தான் சொன்னன். வழியில போன்ல மேப்பப் பாத்துட்டு "அப்பா, இது சீ ஸ்ட்ரீட்டாம்" எண்டா. நாப்பது வருசத்துக்கு மேல இந்தத் தெருவால போய் வாறன், ஒரு நாளும் என்ர வாயில அந்தப் பேர் வந்ததில்ல. செட்டியார் தெரு மகள், செட்டியார் தெரு.

தமிழ்நாட்டுல இருந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்மார் இங்கதான் கிட்டங்கி, அதான் அவையின்ர தொழில் கட்டடம், வச்சு வட்டிக்குக் குடுத்து வாங்கினவை, ஒரு காலத்துல தேயிலைத் தோட்டம் வரைக்கும் அவையின்ர காசு ஓடினது. இப்ப தெரு முழுக்க நகைக்கடை. ஆனா பழைய கதிரேசன், புதிய கதிரேசன் ரெண்டு கோயிலும் அப்படியே இருக்கு, ஆடிவேல் திருவிழாவுக்கு ரதம் பம்பலப்பிட்டிக்கு வெளிக்கிடுறதும் இங்க இருந்துதான்.

எங்கட அப்பா நாலாம் குறுக்குத் தெருவுல ஒரு மொத்தக் கடையில கணக்கு எழுதினவர். வெங்காயம், கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய். லீவு நாள்ல என்னையும் கூட்டிட்டுப் போவார், மிளகாய் மூட்டைய அவிழ்த்தா அந்தப் பக்கம் போற எல்லாரும் தும்மிக்கொண்டுதான் போவினம், மூட்டை தூக்குற நாட்டாமிமார் கைவண்டிலத் தள்ளிக்கொண்டு "வழி வழி" எண்டு கத்திக்கொண்டு வருவினம், உடனே நாங்க கடைப்படியில ஏறி நிக்கோணும். மத்தியானம் பாய் கடையில எனக்கு ஒரு பிளேன் டீயும் வடையும். அந்த இஞ்சி போட்ட பிளேன் டீ ருசி வேற எங்கயும் கிடைக்கேல்ல எனக்கு.

வழி சொல்றதெண்டா அப்பா போர்டுல இருக்கிற பேரச் சொல்லவே மாட்டார். அஞ்சு லாம்புச் சந்திய அஞ்சுலாம்படி எண்டுதான் சொல்லுவார், அங்க வந்து திரும்பு எண்டுவார். ரெண்டாம் குறுக்குத் தெரு பள்ளிவாசல இப்ப டூரிஸ்ட் எல்லாம் ரெட் மொஸ்க் எண்டுதான் தேடி வருது, எங்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908ல கட்டத் தொடங்கி அடுத்த வருசமே முடிச்சது, சிவப்பும் வெள்ளையுமா வரி வரியா, மேல மாதுளம்பழம் மாதிரி கும்பம். அந்தக் காலத்துல துறைமுகத்துக்கு வாற கப்பல்காரர் இதத்தான் அடையாளமா வச்சவையாம், இப்ப சுத்தி எழும்பின கட்டடங்களுக்குள்ள கிட்டப் போனாத்தான் தெரியுது, அதுதான் எனக்குக் கவலை.

மெயின் வீதி தொடங்குற இடத்துல கான் மணிக்கூண்டு. இத வெள்ளைக்காரன் கட்டினது எண்டுதான் நிறையப் பேர் நினைக்கினம், இல்ல, எண்ணெய் ஆலை வச்சிருந்த ஒரு பார்சிக் குடும்பம். தகப்பன் செத்து 45வது வருசம், 1923 ஜனவரி 4, ரெண்டு மகன்மார் அவர் ஞாபகமா கட்டினது, கீழ தண்ணி குடிக்க ஒரு ஊற்றும் வச்சு. கோட்டையில இருக்கிற லைட்ஹவுஸ் மணிக்கூண்டு 1857, கார்கில்ஸ் சிவப்புக் கட்டடம் 1906, அதெல்லாம் வடிவுதான், ஆனா எனக்கு மனசு ஒட்டுறது கான் மணிக்கூண்டோடதான். சின்ன வயசுல கிராண்ட்பாஸ் ட்ராம்ல போன கதைய அப்பா சொல்லுவார், 1899ல ஓடத் தொடங்கின ட்ராம், 1960ல நிப்பாட்டிட்டாங்கள்.

இங்கிலீஷ்ல அடிமைத் தீவு எண்டு பேர் வச்ச இடம், ஒல்லாந்தர் அடிமைகள அடைச்சு வச்ச இடம், எங்களுக்கு கொம்பனித்தெரு. கோர்ட் இருக்கிற இடத்துக்கு 1656 கொழும்பு முற்றுகையில செத்த ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்ட்டின்ர பேர், எங்களுக்கு புதுக்கடை. மகளுக்கு இத ஒவ்வொண்டா சொல்லிக்கொண்டே நடந்தன், அவவும் கேட்டுக்கொண்டு வந்தா.

துணி எடுத்து முடிய நாலாம் குறுக்குத் தெருவுக்கும் போனம். 83 ஆடியில, தமிழருக்கு எதிரான கலவரத்துல, அப்பா வேலை செஞ்ச கடைய எரிச்சுப் போட்டாங்கள். எனக்கு அப்ப ஆறு வயசு. கணக்குப் புத்தகம் ஒண்டும் மிஞ்சேல்ல, யார் எவ்வளவு தரோணும் எண்டத அப்பாவும் முதலாளியும் ஞாபகத்துல இருந்து திரும்ப எழுதினவை, நிறையப் பேர் வந்து தாங்களாவே கடனக் கட்டினவை எண்டு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், அதுல சிங்கள ஆக்கள், முஸ்லிம் ஆக்கள் எல்லாரும்.

இப்ப அந்த இடத்துல பிளாஸ்டிக் சாமான் விக்கிறாங்கள். கவுண்டர்ல இருந்த தம்பியிட்ட கேட்டுட்டு உள்ள போய் மேல பாத்தன். பெரிய தராசு தொங்கின இரும்புக் கொக்கி இன்னும் அங்கதான் இருக்கு, நெருப்புல கறுத்தது கறுத்தபடி. அதுல கலர் வாளி கொத்தாத் தொங்குது. மகள் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கொண்டு நிண்டுட்டு, "ஒரு வாளி வாங்குவமாப்பா" எண்டா. பச்சைக் கலர்ல ஒண்டு வாங்கினம்.