புயலுக்கு வரவு எங்கே?

ஒத்திகை வீடியோவை எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் போட்ட இரவே அடி விழத் தொடங்கிவிட்டது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை வைத்து நான் எழுதிய வடமோடிக் கூத்து அது. வடமோடி என்பது எங்கள் பக்கத்துக் கூத்து மரபுகளில் ஒன்று; கதையைப் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லும். ஒரு மணித்தியாலம். ஆடுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

"பொம்பிளைகள் எழுதி ஆடுற அளவுக்குக் கூத்து இறங்கிட்டு" என்றார் ஒருவர். "பாரதம் இருக்க, புயலுக்கு ஏன் கூத்து?" என்றார் இன்னொருவர். விடிய விடிய ஆடுவதை ஒரு மணித்தியாலத்தில் முடித்தால் அதற்கு வேறு பேர் வையுங்கள் என்றும் வந்தது. கடைசியாக, எங்கள் பக்கத்தில் எல்லோரும் மதிக்கிற வயதான அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்குகிற ஆசான், ஒருவரின் குரல் பதிவு. "மகள், இது கூத்தில்லை. கூத்து உடுப்புப் போட்ட பேச்சு. புயல் களரிக்கு வராமலே ஊரை அடிச்சிட்டுப் போகுது. புயலுக்கு வரவு எங்க?"

எல்லாம் ஒரே சூட்டில்தான் சுட்டது. அன்றிரவு நான் எதுவும் எழுதவில்லை. காலையில் ஒவ்வொன்றையும் எடுத்து, இது கூத்தில் எந்தப் பாட்டை, எந்த ஆட்டத்தைத் தொடுகிறது என்று மட்டும் பார்த்தேன். முதலாவது எதையும் தொடவில்லை. ஆனால் என் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். நான் பேசாமல் இருந்தால் அந்தப் பெண் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? "பிள்ளைகள் ஆடுவார்கள், நாளைக்கும் ஒத்திகை உண்டு" என்று எழுதிவிட்டு அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். விவாதித்திருந்தால் அது நாலு நாள் இழுத்திருக்கும்.

அண்ணாவியார் சொன்னது வேறு. வடமோடியில் பெரிய பாத்திரம் சும்மா வந்து நிற்காது. மத்தளமும் சல்லாரித் தாளமும் ஒலிக்க அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்ல, ஆடுகளமான களரியைச் சுற்றி ஆடும். இதுதான் வரவு. அந்த ஆட்டத்திலேயே அதன் பலம் சபைக்குத் தெரிந்துவிடும். நான் புயலைப் பாட்டுக்குள் மட்டும் வைத்திருந்தேன். அப்படியென்றால் சனம் யாரோடு மல்லுக்கட்டுவது? அவர் பேசிய விதம் கரடுமுரடுதான். ஆனாலும் கை வைத்த இடம் சரியான இடம்.

கொப்பியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அவர் இனிப்பாக ஒன்றும் பேசவில்லை. மத்தளத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எழுதினதைப் படி" என்றார். மூன்றாவது வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார். "அண்டைக்குக் காத்து முதல்ல ஒரு பக்கத்தால அடிச்சிது. மறுகா அடங்கிச்சு. சனம் வெளிய வந்து பார்த்துது. மறுகா மற்றப் பக்கத்தால வந்துது பாரு, அதிலதான் மிச்சமெல்லாம் விழுந்தது." சூறாவளியின் கண் கடக்கும்போது நடப்பது இதுதான். அவருக்கு அது படித்த அறிவில்லை, அந்த இரவை உயிரோடு கடந்தவர். வரவு அந்த இடத்திலேயே பிறந்தது. புயல் களரியை ஒரு பக்கமாகச் சுற்றி ஆடும். மத்தளம் சட்டென்று நிற்கும். சதங்கைகூடச் சத்தம் போடக்கூடாது. ஊர்ச்சனம் மெல்ல எழும்பி வரும்போது, புயல் எதிர்ப்பக்கமாகக் கிறுகி வீசாணம் என்கிற ஆட்டத்தில் இறங்கும். தென்னை மரங்களாக நிற்கிற பிள்ளைகள் அப்போதுதான் விழுவார்கள்.

நேர அளவை நான் மாற்றவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கித்தான் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அதனால் ஊர்க்களரி அழிந்துவிடவில்லை. மாறாக, கூத்தைப் பார்த்தே இராதவர்கள் பார்த்தார்கள். புயலும் கூத்துக்கு ஆகாத பொருள் இல்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அந்த இரவைச் சொல்ல ஆள் இருக்கும்போதே அது பாட்டாக வேண்டும்.

அண்ணாவியார் நேர அளவுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. புது வரவின் பதிவைக் கேட்டுவிட்டு, "இது வரவு" என்று மட்டும் அனுப்பினார். அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு பதிவு வந்தது: "ஒரு மணித்தியாலம் காணாது."