கேள்வி கேட்பதைக் குறைத்த பிறகு வந்த பேச்சு

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சொற்கள் சேர்ந்துவிட்டால் உரையாடல் தானாக வந்துவிடும் என்று உறுதி கூறிய ஒரு தனியார் பயிற்சி மையத்திற்கு, மதுரையில், எங்கள் மகனுக்காக மாதக்கணக்கில் பணம் கட்டினோம். மதிப்பீடு, ஆட்டிசத்தின் அளவைக் கணிக்கும் இஸா (ISAA) என்ற இந்திய அளவுகோலின் மதிப்பெண், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்திருந்தன. இனிப் பயிற்சி மட்டும்தான் பாக்கி என்ற நிம்மதியோடு போன எங்களுக்கு, பெரிய தலைவலி அங்கேதான் காத்திருந்தது.

கதவை மூடிக்கொண்டுதான் பயிற்சி நடக்கும். பெற்றோர் வெளியே நாற்காலியில் உட்கார வேண்டும். உள்ளே மேசையில் பட அட்டைகள் இருக்கும். ஒவ்வொரு அட்டையாக எடுத்து "வாட் இஸ் திஸ்?" என்று கேட்பார்கள், சரியாகச் சொன்னால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். வீட்டில் தமிழ் பேசினால் பையன் குழம்பிவிடுவான், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார்கள். ஆங்கிலமே தெரியாத என் மாமியார், பேரனிடம் பேசுவதையே சில வாரங்கள் நிறுத்திவிட்டார். இருமொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சி பின்தங்குவதில்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டு மொழியை விடச் சொல்லும் எவரிடமும், எதன் அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

மாத முடிவில் ஒரு தாள் தருவார்கள். அதில் 'கண்பார்வைத் தொடர்பு', 'கேள்விக்குப் பதில்' என்று தலைப்புகளும் ஏறிக்கொண்டே போகும் சதவீதங்களும் இருக்கும். அட்டையில் இருக்கும் ஆப்பிளை ஆப்பிள் என்று சொல்பவன், வீட்டில் தாகம் எடுத்தால் என் எதிரே வந்து நின்று "தண்ணி வேணுமா?" என்பான். பாட்டி "சாப்பிட்டியா?" என்றால் அவனும் "சாப்பிட்டியா?" என்பான். இதைப் பற்றிக் கேட்டபோது, அது 'வேண்டாத பழக்கம்', கண்டுகொள்ளாதீர்கள் என்று பதில் வந்தது. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக அவன் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புகிறார்கள் என்பதை ஒரு நாள் கதவு பாதி திறந்திருந்தபோதுதான் பார்த்தேன். பிறர் கண்ணைப் பார்ப்பதே தாங்க முடியாத உறுத்தலாக இருக்கும் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதாதா?

பெயர்ப்பலகையில் இருந்த பட்டதாரியை நாங்கள் சேர்க்கை நாளன்று பார்த்ததோடு சரி. பயிற்சி கொடுத்தவர்கள் யார், என்ன படித்தவர்கள் என்று கேட்டால் வரவேற்பறையில் இருந்தவர் "மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இப்படிப்பட்ட பயிற்சி தரும் வல்லுநர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (RCI) பதிவு செய்தவர்களின் விவரத்தை அந்த மன்றத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்க முடியும். பலகையில் இருப்பவருடைய எண்ணைக் கேட்பதைவிட, உங்கள் குழந்தையோடு தினமும் உட்காரப் போகிறவருடைய பதிவு எண்ணைக் கேட்பதுதான் முக்கியம். அவனை அங்கிருந்து நிறுத்தியபோது, முன்பணமாகக் கட்டிய கட்டணம் திரும்பி வரவே இல்லை.

பிறகு நாங்கள் போனது, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனை வளாகங்களில் அமைக்கப்பட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஒன்றுக்கு. கூட்டம் அதிகம், நேரம் குறைவு, காத்திருப்பு நீளம். ஆனால் அங்கிருந்த பேச்சுப் பயிற்சியாளர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். மகன் வழக்கம்போல் பொம்மைப் பேருந்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவர் தரையில் படுக்காத குறையாகக் குனிந்து, இன்னொரு பேருந்தைக் கவிழ்த்துத் தானும் சக்கரத்தைச் சுழற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். அவன் வேகமாகச் சுழற்றினால் அவரும் அப்படியே செய்தார். சற்று நேரத்தில் அவன் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, இவர் நிறுத்துகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். யாரும் கேட்காமல், மிட்டாய் இல்லாமல், ஒரு பெரியவரை அவன் அப்படிச் சோதித்துப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வீட்டுக்கு அவர் தந்த வேலை ஒன்றுதான்: கேள்வியைக் குறையுங்கள், சொன்ன பிறகு காத்திருங்கள். "இது என்ன கலர்?" என்பதற்குப் பதிலாக "பச்சைப் பஸ் வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள். மூன்று எண்ணுவதற்குள் நாக்கு துறுதுறுக்கும். நண்டு ஊறுது நரி ஊறுது விளையாட்டில் விரல்களைக் கைமேல் ஏற்றிக்கொண்டே போய், கிச்சுகிச்சு மூட்டுவதற்குச் சற்று முன்னால் முழங்கையருகே நின்றுவிடச் சொன்னார். முதலில் அவன் என் கையை இழுத்தான்; பிறகு முகத்தைப் பார்த்தான்; சில வாரங்கள் கழித்து "ஊறுது" என்றான். விலையுயர்ந்த அட்டைகள் தராத 'என் முறை, உன் முறை' என்ற பாடம் இந்த ஓசி விளையாட்டில் கிடைத்தது.

திரும்பச் சொல்லும் பழக்கத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பெரிய திறப்பு. அமெரிக்கப் பேச்சு மொழி வல்லுநர் பேரி பிரிசன்ட் போன்றவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே, இந்த எதிரொலிப் பேச்சு வெறும் ஒலியல்ல, கேட்க, மறுக்க, பேச்சில் தன் முறை வரும்போது அதை நிரப்ப என்று பல வேலைகளுக்குக் குழந்தை அதைப் பயன்படுத்துகிறது என்று காட்டிவிட்டார்கள். நாங்கள் அவன் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியத்தை அவன் இடத்தில் நின்று சொல்லத் தொடங்கினோம்: "தண்ணி வேணுமா?" என்று கேட்காமல், அவன் சொம்பைப் பார்க்கும்போதே "எனக்குத் தண்ணி வேணும்" என்றோம். இன்னொன்றும் பிடிபட்டது. கல்யாண வீடுகளில் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கத்துவான். குறும்பு என்று நினைத்திருந்தோம். பெரியார் பேருந்து நிலையத்தில் நெரிசலின்போது கண்டக்டர் சொன்ன வாக்கியம் அது. கூட்டம் என்னை நெருக்குகிறது என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே வாக்கியமும் அதுதான். இப்போது அதைச் சொன்னால் வெளியே கூட்டிப் போகிறோம். "கூட்டமா இருக்கு, வெளிய போலாம்" என்பதையும் கூடவே சொல்கிறோம்.

உரையாடலுக்கு நாங்கள் எடுத்த பொருளும் பேருந்துதான். பேருந்தைத் தவிர வேறு பேசு என்று அதட்டுபவர்கள் குடும்பத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களைச் சமாளிப்பது மகனைச் சமாளிப்பதைவிடக் கடினம். அவன் "மாட்டுத்தாவணி பஸ்" என்றால் நாங்கள் "அதுல சீட்டே இல்ல" என்று ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்துவோம். பேச்சு அறுந்துபோகும் இடத்தில் சொல்வதற்காக "அப்புறம்?" என்பதைக் கற்றுக்கொடுத்தோம். அதைப் பிடித்துக்கொண்டு பால்காரர் முதல் பூசாரி வரை எல்லாரிடமும் "அப்புறம்?" கேட்டுக் கொஞ்ச நாள் மானத்தை வாங்கினான். ஆனாலும், எதிராளி இன்னும் சொல்வதற்கு ஏதோ வைத்திருக்கிறார் என்பது அவனுக்கு உறைக்கத் தொடங்கியது அதனால்தான் என்பது என் எண்ணம்.

சேர்ந்து விளையாடுவதில்தான் அதிகம் அடிபட்டோம். பூங்காவுக்குக் கூட்டிப்போனால் பழகிவிடுவான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அங்கே இவன் கையை உதறியதைப் பார்த்த ஓர் அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊஞ்சலுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் தள்ளிவிடுவது பழக்குவதாகாது. ஒரே ஒரு குழந்தை, பழகிய இடம், முடிவு தெரிந்த விளையாட்டு, அரை மணிக்குள் நிறுத்தம் என்று பயிற்சியாளர் வகுத்துக் கொடுத்தார். என் நாத்தனார் மகளைச் சனிக்கிழமைகளில் வரவழைத்தோம். அவளுக்கும் பாடம் உண்டு: பின்னாலிருந்து கத்தாமல் எதிரே வந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவன் யோசிக்கும்போது பொறுக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான புரியாமை இரு பக்கமும் இருப்பது என்று, தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதை நான் பின்னர்தான் படித்தேன். எட்டு வயதுக்காரிக்கு அது விளக்காமலே புரிந்திருந்தது.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004இல் எழுதிய கட்டுரையால் பரவிய ஒரு முறை எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது. இணைப்புக் கட்டைகளை வைத்து ஒருவர் படம் பார்த்துச் சொல்ல, ஒருவர் கட்டை எடுத்துத் தர, ஒருவர் கட்ட வேண்டும். பிறகு வேலைகள் மாறும். பேசாமல் அந்த வேலை நடக்காது என்பதே அதன் சூட்சுமம். மூன்றாவது ஆளாக நான் இருந்தேன்.

பள்ளி விடுமுறையில் தெருப் பிள்ளைகளோடு குலைகுலையா முந்திரிக்காய் ஆட வைத்தோம். பாட்டின் கேள்வியும் பதிலும் மாறாதவை என்பதால் அவனுக்கு அது சட்டெனப் பிடித்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் போட்ட துணியை அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். துணியில் நான்கு சலங்கைகளைக் கட்டினோம். எல்லாருக்கும் சத்தம் கேட்கிறது, இது கள்ளாட்டம் என்று பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அவனுக்குப் போடும்போது மட்டும் சலங்கைத் துணி என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். அவன் எழுந்து ஓடினான், தப்பான திசையில்.

பள்ளியில் இன்னும் இழுபறிதான். விளையாட்டு வகுப்பில் 'தொந்தரவு வேண்டாம்' என்று அவனை மரத்தடியில் உட்கார வைப்பதை இந்த ஆண்டுதான் கண்டுபிடித்தோம். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016, அரசு நடத்தும், அரசு நிதி பெறும், அரசு அங்கீகரித்த பள்ளிகள் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இந்தக் குழந்தைகளுக்குச் சம வாய்ப்புத் தர வேண்டும் என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகுதான் தலைமையாசிரியர் உட்காரச் சொல்லிப் பேசினார். அவனுக்கு எது பிடிக்கும், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியரிடம் தந்திருக்கிறேன்; அவர் அதை மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்துக்கொண்டார். விளையாட்டு ஆசிரியர் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை மீண்டும் கொடுக்கப்போகிறேன், இந்த முறை கையெழுத்து வாங்கிக்கொண்டு.