ஆச்சி பேசின தமிழ்

மே 26

நடிகை மனோரமா பிறந்த நாள். 1937, மன்னார்குடி. வளர்ந்ததெல்லாம் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். அம்மா தனியாளாக நின்று வீட்டு வேலை பார்த்து வளர்த்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது, 12 வயதில் மேடை ஏறியாயிற்று. கோபிசாந்தாவை மனோரமா ஆக்கியதும் நாடகக்காரர்கள்தான். செட்டிநாட்டுப் பேச்சு நாக்கில் கடைசிவரை இருந்தது. செட்டிநாட்டில் பெண்களை மரியாதையாகச் சொல்லும் 'ஆச்சி' என்றே ஊரெல்லாம் கூப்பிட அது போதும்.

இந்தக் குறிப்புகள் மேடையில் நகைச்சுவை வேடம் கட்ட வரும் பெண்களுக்கு. மனோரமா மாதிரி செய்யச் சொன்னால் அநேகம் பேர் குரலைக் கீச்சென்று ஏற்றுவார்கள், வாயைக் கோணுவார்கள், கையை ஆட்டுவார்கள். அவர் காட்சி ஒன்றை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: முகம் நாம் நினைக்கிற அளவுக்கு அலையாது. பிறகு படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள்: எந்த ஊர்க்காரி, என்ன வயசு, எதிரே நிற்பவன் மேல் பயமா இளப்பமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பயிற்சியை வாயிலிருந்து தொடங்குவோம்.

மே 29

காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்தில் திருவிழா நாடகம் ராத்திரி தொடங்கி விடிய விடிய நடக்கும். ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) வருமுன் பபூனும் டான்ஸ்காரியும் வந்து கூட்டத்தை உட்கார வைக்க வேண்டும். மனோரமா இருந்தது வைரம் நாடக சபா, பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரன் குழு என்று ஒத்திகை பார்த்துப் போடும் கம்பெனிகளில். ஆனால் கூட்டம் அதே கூட்டம்தான்: முறுக்குச் சத்தம், குழந்தை அழுகை, பின்வரிசையில் பேச்சு.

அப்போது மேடைக்கு மேலே மைக் தொங்கும். அதற்கு நேர் கீழே நின்றால்தான் குரல் போகும். இரண்டு அடி தள்ளினால் முன்வரிசைக்கு மட்டும் கேட்கும். சட்டை மைக் வந்த பிறகு இந்தத் தொல்லை போய்விட்டது, ஆனால் கூடவே ஒரு நல்ல பழக்கமும் போய்விட்டது. வாக்கியத்தின் வாலை விடாமல் பிடிப்பதுதான் அது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். சிரிப்பின் கொக்கியும் பெரும்பாலும் அங்கேதான் தொங்கும். புதிதாக வருபவர்கள் முதல் நாலு சொல்லை முழங்கிவிட்டு, மூச்சு தீர்ந்து, கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். கூட்டத்துக்குக் கேட்டதெல்லாம் முன்கதை. விஷயம் நடிகையின் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

மருந்து எளிது. பத்துச் சொல் வசனம் என்றால் எட்டாவது சொல்லுக்கு அப்புறம் திருட்டு மூச்சு ஒன்று. மூக்கால் எடுக்க வேண்டும், தோள் ஏறக்கூடாது. கடைசி இரண்டு சொல்லை முந்தைய சொற்களைவிடக் கொஞ்சம் நிதானமாக, ஆனால் அதே உயரத்தில் வையுங்கள். கத்த வேண்டாம். மனோரமாவின் எந்தச் சண்டைக் காட்சியிலும் கடைசிச் சொல் உடையாமல் வந்து விழும்.

அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தார்; எம்.ஜி.ஆர்., என்.டி. ராமராவ், ஜெயலலிதாவோடு திரையில். ஐந்து முதல்வர்கள் என்று எல்லாரும் எழுதுகிற செய்திதான். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் தமிழ்ப் பேச்சையே தொழிலாக வைத்திருந்தவர்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஜூன் 1

சினிமாவுக்குப் போனது 1958-ல், கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'. நகைச்சுவை வேடம்.

நாடகத்துப் பெண்களைச் சினிமாக் கம்பெனிகள் ஏன் விரும்பின என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நாலரை நிமிஷத்துக்கும் குறைவு. நகைச்சுவைப் பகுதிக்கென்று ஒதுக்கும் நாளும் கம்மி, பிலிமும் கம்மி. ஐந்தாறு டேக் வாங்குகிறவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். முழு வசனமும் பாடமாகி, எதிராளி தடுமாறினாலும் காட்சியை விடாமல் இழுத்துப் போகிற ஆளுக்குத்தான் அடுத்த படம். 1985-ல் ஆயிரம் படத்தைத் தாண்டியதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜூன் 2

1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. ஜோடி ஆர்.எஸ். மனோகர். பிறகு மறுபடி நகைச்சுவைக்கே வந்துவிட்டார். நல்லதாயிற்று என்பது என் கட்சி. அந்தக் காலத்துக் கதாநாயகிக்கு எல்லா ஊரிலும் ஒரே தமிழ்தான் எழுதினார்கள்.

ஜூன் 5

'தில்லானா மோகனாம்பாள்', 1968. ஜில் ஜில் ரமாமணி.

வருவது சில காட்சிகள். எதிரே சிவாஜி, நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக. ரமாமணி நாடகக் கொட்டகைக்காரி; சங்கீதம் தெரியாது, ஆனால் கேட்டதும் உருகிப்போகிறவள். இந்த இரண்டும் சேர்ந்ததில்தான் சிரிப்பு இருக்கிறது. இப்படியொரு சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லார் நாயனத்திலும் வருமா என்று அவள் கேட்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். முதல் பாதி புகழ்ச்சி. இரண்டாம் பாதியில் வித்வானின் சாதகம் முழுவதும் மரக்குழலுக்குப் போய்விடுகிறது. அவளுக்கோ அது தெரியவே தெரியாது.

வகுப்பில் இதைச் செய்யும்போது எங்கே கெடுகிறது? நடிகைக்கு இது நகைச்சுவை என்று தெரிந்திருப்பதில். இரண்டாம் பாதிக்கு முன்னால் கண்ணில் ஒரு குறும்பு வந்துவிடும், உதட்டோரம் லேசாக இழுபடும். அவ்வளவுதான், கேள்வி நக்கலாகிவிட்டது. நக்கலுக்கு வித்வான் கோபப்படத்தான் வேண்டும், காட்சி அங்கேயே முடிந்தது. மனோரமா இரண்டு பாதியையும் ஒரே ஆவலோடு கேட்கிறார்.

அடுத்தது இழுவை. ரமாமணி இழுத்து, கொஞ்சம் மூக்கால் பேசுகிறாள். எல்லா நெடிலையும் இழுத்தால் தூக்கம்தான் வரும். இழுக்க வேண்டியது மரியாதை காட்டும் இடத்தில், பேச்சு தயங்கும் இடத்தில். மற்ற இடமெல்லாம் சாதாரண வேகம். வசனத் தாளில் இழுக்கப் போகும் எழுத்துக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். வரிக்கு இரண்டுக்கு மேல் வந்தால் ஒன்றை அழித்துவிடுங்கள். மூக்கொலிக்கு மூக்கை அடைக்கத் தேவையில்லை. ங, ஞ, ந, ம வரும் இடங்களில் அரை மாத்திரை கூடத் தங்கினால் மீதியைக் கேட்பவர் காதே போட்டுக்கொள்ளும்.

ரமாமணியைக் கேலிப் பொருளாக்கி நடிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த மாபெரும் கலைஞன் மேல் அவளுக்கு இருப்பது பக்தி. அதைக் குறைத்தால் வேடம் பாதியாகிவிடும்.

ஜூன் 10

ஊர்ப்பேச்சு. இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

'அனுபவி ராஜா அனுபவி' (1967) தூத்துக்குடிப் பக்கம்: வாரீக, போறீக. 'பொம்மலாட்டம்' (1968) சென்னை. 'வா வாத்தியாரே' பாட்டைச் சொந்தக் குரலில் பாடியவரும் அவரே. செட்டிநாட்டு வாய்க்கு மெட்ராஸ் பாஷை சொந்தமில்லை, கேட்டுக் கற்றதுதான். 1994-ல் 'மே மாதம்' படத்தில் மெட்ராஸைச் சுற்றிக் காட்டும் பாட்டுக்கும் அதே குரல், 57 வயதில்.

மெட்ராஸ் பாஷை என்றதும் எல்லா வரியிலும் ஒரு 'கீது' போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இருக்குது குறுகிக் கீது ஆகிறது. வீட்டண்டை ஊட்டாண்ட ஆகிறது. விதி ஒன்றுதான்: சொல்லின் தலையை வெட்டு, நடுவை அழுத்து, வேகமாகத் தள்ளு. ஆகவே வேகம் இல்லாமல் மெட்ராஸ் பாஷை இல்லை. தூத்துக்குடிப் பேச்சு நேர்மாறு. சொல்லின் வால் நீண்டு ராகமாக ஏறும். இரண்டையும் கலந்து ஒரே வாயில் 'கீறீக' என்று கேட்டிருக்கிறோம்; அப்படி ஒரு ஊர் கிடையாது.

பழகும் வரிசை: முதலில் விளிச்சொற்கள் (வாத்தியாரே, நைனா, தெற்கே அண்ணாச்சி, ஏலே). அப்புறம் வினைமுற்று. பெயர்ச்சொற்கள் கடைசியில். பலர் தலைகீழாக, துட்டு, பேஜார், கஸ்மாலம் என்று பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குகிறார்கள். அதனால்தான் பேச்சு பழமொழி அட்டவணை மாதிரி நிற்கிறது. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வேலைக்காரி கண்ணம்மா சம்பந்தி வீட்டாரோடு மோதும் காட்சியைக் கேளுங்கள். புழக்கத்தில் இல்லாத சொல் அதில் அபூர்வம். அடி முழுக்க வேகத்தில் இருக்கிறது.

ஜூன் 16

'சின்ன கவுண்டர்' (1992): விஜயகாந்துக்குத் தாய், எடுப்பான பல்லோடு.

பல் செட்டு வேடம் கேட்பவர்களுக்கு மட்டும் இது. கடையில் விற்கும் விளையாட்டுப் பல் வேண்டாம். பேசும்போது கழன்று விழும். பல் டாக்டரிடம் மேல்வரிசைக்கு அச்சு எடுத்து, சொந்தப் பல் மேல் மாட்டுகிற மெல்லிய அக்ரிலிக் உறையாகச் செய்துகொள்ள வேண்டும். தடித்தால் மேலுதடு கீழுதட்டைத் தொடாது. அப்போது ப, ம இரண்டும் போச்சு. 'அப்பா' 'அவ்வா' ஆகிவிடும். ச-வில் விசில் வரும். போட்ட புதிதில் எச்சில் ஊறும், கொஞ்ச நேரம் கழித்து வாய் திறந்தே இருப்பதால் காய்ந்து போகும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

பம்பரம், மாமா, அம்மாப்பேட்டை என்று உதடு மூடும் சொற்களை மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். உதட்டை இழுத்து மூட முடியவில்லை என்றால் செட்டை ராவித்தான் ஆக வேண்டும், நடிப்பால் சரிக்கட்ட முடியாது. ஒத்திகை முழுவதும் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். நாடக நாளன்று முதல் தடவையாக மாட்டினால் வசனத்தைப் பல்தான் பேசும்.

அந்தப் படத்தில் பல் சிரிப்புக்கு வைத்தது. ஆனால் தாய் பேசும்போது பார்க்கிறவர்கள் பல்லை மறந்துவிடுகிறார்கள். சொல் ஒன்றுகூடச் சிதையாததுதான் காரணம்.

ஜூன் 22

'புதிய பாதை' (1989) துணை நடிகைக்கான தேசிய விருது வாங்கித் தந்தது. அடுத்த வருஷமே 'நடிகன்'. கிழவன் வேஷத்தில் இருக்கும் சத்யராஜ் மேல் கல்யாணமாகாத பேபியம்மாவுக்கு வரும் காதல். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உபயோகம். பேபியம்மாவின் வெட்கத்தில் ஏளனம் கிடையாது. பதினெட்டு வயதுப் பெண் எப்படி நம்புவாளோ அப்படியே நம்புகிறாள். வயதைக் காட்ட இடுப்பைப் பிடித்துக்கொள்வதும் முந்தானையைக் கடிப்பதுமாக ஆரம்பித்தால் அது கிண்டல் நாடகம்.

டப்பிங் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. படப்பிடிப்பில் பேசிய குரலை விட்டுவிட்டு ஸ்டுடியோவில் மறுபடி பேசும்போது நகைச்சுவை ஏன் சப்பென்று போகிறது? உதட்டசைவு பொருந்தினால் போதும் என்று நிற்பதால். ஓடி வந்து பேசிய வரி என்றால் மைக் முன்னால் நின்ற இடத்திலேயே பத்துத் தடவை குதித்துவிட்டுப் பேசுங்கள். குனிந்து பெருக்கிக்கொண்டே பேசியது என்றால் குனிந்தே பேசுங்கள், வயிறு மடிந்தால்தான் அந்தக் குரல் வரும். வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள், ஒலிப்பதிவாளர் திட்டுவார். வரிக்கு முன்னால் வரும் 'ஆங்', 'ம்க்கும்', நாக்கைத் தட்டும் 'ச்சு' எல்லாவற்றையும் வசனத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவி இயக்குநர் தரும் தாளில் அவை இருக்காது.